டொரன்டோவில் முதல் இலையுதிர்காலம்: நூலக அட்டையில் தொடங்கி ஹாலோவீன் மிட்டாய் வரை

முதல் வருடம் அக்டோபர் 31, பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வரும் ஹாலோவீன் அன்று, மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு வரவேற்பறை விளக்கை அணைத்துவிட்டு நாலு பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். வாங்கி வைத்திருந்த மூன்று சாக்லேட் பொட்டலமும் இருபது நிமிடத்தில் தீர்ந்துபோயிருந்தன. அதன் பிறகு வந்த பிள்ளைகளுக்கு நான் காலையில் சுட்ட தேன்குழலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பிள்ளைகளின் அம்மாக்கள் தெருவிளக்கின் கீழே அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஏதோ தப்பு நடக்கிறது என்று உறைத்தது.

மதுரையிலிருந்து டொரன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுக்கு வந்து இறங்கியது அந்த ஆகஸ்டில்தான். இங்கே இலையுதிர்காலம் என்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. தவறவிட்டால் அடுத்த வருடம்தான். நான் இரண்டு வருடம் தவறவிட்டுத் தவறவிட்டுக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். விலைகள் நான் கொடுத்தவை. உங்களுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

1. முதலில் நாட்காட்டியில் ஐந்து தேதிகளைக் குறியுங்கள்

செப்டம்பர் கடைசி வாரம்: வடக்கே அல்கான்குவின் மாகாணப் பூங்காவில் மேப்பிள் மரங்கள் சிவக்கும். அக்டோபர் இரண்டாம் திங்கள்: தேங்க்ஸ்கிவிங் என்ற அறுவடை நன்றி விடுமுறை. கடைகள், நூலகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆப்பிள் தோட்டங்களில் மட்டும் கூட்டம் தாங்காது. அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை: டொரன்டோ நகருக்குள் நிறம் மாறும். அக்டோபர் 31: ஹாலோவீன். நவம்பர் முதல் ஞாயிறு: அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதற்குப் பிறகு மாலை ஐந்து மணி வாக்கிலேயே இருட்டிவிடும். வெளியே செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். பின்னலும் புத்தகமும் மட்டும் அதற்குப் பிறகும் ஓடும்.

நம் பண்டிகைகளும் இதே நெரிசலில்தான் வரும். கொலு, ஆயுத பூஜை, தீபாவளி எல்லாம் இந்த ஆறு வாரத்துக்குள். 2024 இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் வேதாள வேஷம். 2026 இல் தீபாவளி நவம்பர் 8. லீவு சொல்வதை முன்னாலேயே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

2. நூலக அட்டை: வந்த முதல் வாரமே எடுங்கள்

டொரன்டோ பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க 100 கிளைகள் இருக்கின்றன. நகருக்குள் வசித்தாலோ, வேலை பார்த்தாலோ, படித்தாலோ அட்டை இலவசம். பெயரும் இப்போதைய முகவரியும் காட்ட வேண்டும். இங்கேதான் புதிதாக வந்தவர்கள் முட்டிக்கொள்வார்கள்: கடவுச்சீட்டில் இந்த ஊர் முகவரி இருக்காது. அடையாளத்துக்குக் கடவுச்சீட்டு, முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் அல்லது வங்கியிலிருந்து வந்த கடிதம், இரண்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் கணவர் பெயர் மட்டும்தான் இருந்தது. அதனால் அவருக்கு அன்றே அட்டை கிடைத்தது. நான் வங்கிக் கடிதத்துக்காகப் பத்து நாள் காத்திருந்தேன். வீடு எடுக்கும்போதே ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். நூலகத்துக்கு மட்டுமல்ல, இன்னும் பல இடங்களில் உதவும். சின்னப் பிள்ளைகளுக்கு அட்டை எடுக்க நீங்களும் கூடப் போக வேண்டும்.

புத்தகத்தை மூன்று வாரம் வைத்திருக்கலாம். தாமதமானால் அபராதம் கிடையாது, 2022 லேயே அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் தொலைத்தாலோ கெடுத்தாலோ புத்தகத்தின் விலையை வாங்குவார்கள். இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பது நாலாவது தலைப்பில் வருகிறது.

இலையுதிர்காலக் கதைகள், பேய்க் கதைகள், பரங்கிக்காய்ப் படப் புத்தகங்கள் எல்லாம் அக்டோபர் பிறந்ததும் அலமாரியிலிருந்து காணாமல் போய்விடும். எங்கள் கிளையில் அக்டோபர் 10 அன்று போய்க் கேட்டபோது ஒரு சிலந்திப் புத்தகம் மட்டும் மிஞ்சியிருந்தது. செப்டம்பர் நடுவிலேயே இணையத்தில் தேடி முன்பதிவு போட்டுவிடுங்கள். உங்கள் கிளைக்கே கொண்டுவந்து வைத்துச் செய்தி அனுப்புவார்கள். சில நாட்கள்தான் வைத்திருப்பார்கள், செய்தி வந்ததும் போய் எடுங்கள். போனில் படிப்பவர்கள் லிபி செயலியில் அட்டை எண்ணைப் போட்டால் மின்னூலும் ஒலிப்புத்தகமும் இலவசம்.

தமிழ்ப் புத்தகங்களும் பல கிளைகளில் இருக்கின்றன. ஸ்கார்பரோ பக்கம் அலமாரி நன்றாகவே இருக்கும். நாங்கள் அக்டோபர் முழுக்க இரவில் ஒரு கதை என்று வைத்துக்கொண்டோம். ஆங்கிலப் பேய்க்கதை பெண் படிப்பாள், அதற்குப் பதிலாக நான் எங்கள் ஆச்சி சொன்ன கிணற்றடி முனி கதையைச் சொல்வேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த ஊர்ப் பேய்கள் எல்லாம் முனிக்கு முன்னால் நிற்காது.

3. இலை பார்க்கப் போவது

அல்கான்குவின் போக ஆசைப்பட்டால், மாகாணப் பூங்காவுக்கு ஒரு நாள் வாகன அனுமதி வேண்டும். இதை ஐந்து நாள் முன்னால் காலை 7 மணியிலிருந்து இணையத்தில் முன்பதிவு செய்யலாம். இலை சிவக்கும் சனி ஞாயிறுகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். வண்டி எண்ணும் கடன் அட்டையும் கையில் இருக்க வேண்டும். செலவு ஒரு வண்டிக்குச் சுமார் 20 டாலர். அனுமதி இல்லாமல் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் வாசலில் நிற்காதீர்கள். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களின் இணையதளத்தில் எந்தப் பூங்காவில் எத்தனை சதவீதம் நிறம் மாறியிருக்கிறது என்று வாராவாரம் போடுவார்கள், பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள்.

வாடகைக்கு வண்டி எடுப்பதாக இருந்தால்: ஒன்டாரியோவில் புதிதாகக் குடியேறியவர்கள் வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தை 60 நாள் வரைதான் பயன்படுத்தலாம். ஜூலையில் வந்தவருக்கு அக்டோபரில் அந்த உரிமம் செல்லாது. நாங்கள் வாரத்தை எண்ணிப் பார்த்தபோது இரண்டு நாள் அதிகமாகியிருந்தது.

சரி, வண்டியே வேண்டாம் என்றால் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஸ்கார்பரோவிலேயே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஹை பார்க் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே பூங்கா. என்னைக் கேட்டால், கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு அல்கான்குவின் முதல் வருடம் தேவையே இல்லை. பக்கத்துத் தெரு மேப்பிளும் அதே சிவப்புதான்.

4. இலை பொறுக்குவதும் ஒட்டுவதும்

தேசியப் பூங்காவிலும் மாகாணப் பூங்காவிலும் இலை, கல், பூ எதையும் எடுத்துவரக் கூடாது என்பது விதி. உங்கள் தெருவில் கொட்டிக் கிடப்பதை எடுங்கள்.

அதைவிட முக்கியம், பாய்சன் ஐவி என்ற கொடி. ஒரு காம்பில் மூன்று இலை இருக்கும், இலையுதிர்காலத்தில் எல்லாவற்றையும்விட அழகாகச் சிவக்கும். தொட்டால் தோல் தடித்துக் கொப்புளம் போடும், வாரக்கணக்கில் அரிக்கும். ரூஜ் பக்கம் ஒரு வேலியோரத்தில் என் மகன் குனிந்தபோது, கூட வந்த அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, "ஐயோ தம்பி, அதைத் தொடாதேங்கோ!" என்று போட்ட சத்தத்தில் அணிலெல்லாம் ஓடிவிட்டது. மூன்று இலைக் கொத்து எதையும் தொடாதீர்கள். பூங்காவுக்குப் போனால் முழுக்கால் சட்டையும் நீளக் காலுறையும் போடுங்கள். உண்ணி இன்னும் இருக்கும் காலம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முட்டிக்குப் பின்னாலும் காது மடலுக்குப் பின்னாலும் பாருங்கள்.

இலையைச் சேமிக்க இரண்டு வழி. ஒன்று, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான பொருளை ஏற்றி ஒரு வாரம் விடுவது. பொறுக்கிய அன்றே வையுங்கள், மறுநாள் சுருண்டுவிடும். ஈரத்தை முதலில் துடைத்துவிடுங்கள். நான் துடைக்காமல், அதுவும் நூலகப் புத்தகத்துக்குள்ளேயே வைத்தேன். கனமான புத்தகம் வேறு எதுவும் வீட்டில் இல்லை! பத்து நாள் கழித்துத் திறந்தால் நாலு பக்கம் பழுப்புக் கறை. 32 டாலர் கட்டினேன்.

இன்னொன்று, மெழுகுத் தாள். இரண்டு மெழுகுத் தாளுக்கு நடுவே இலைகளைப் பரப்பி, மேலும் கீழும் ஒரு பழைய துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் மெதுவாக நகர்த்தினால் மெழுகு உருகி ஒட்டிக்கொள்ளும். ஓரம் வெட்டி ஜன்னலில் ஒட்டினால் காலை வெயிலில் வண்ணக் கண்ணாடி போல இருக்கும். கடையில் பார்ச்மென்ட் தாள் என்று பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். அதில் மெழுகு இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டாது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எடுங்கள். மெழுகுத் தாள் மூன்று நாலு டாலர்தான்.

வாசலில் விழும் மிச்ச இலைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நகராட்சி வண்டி எடுக்காது. கடையில் உயரமான பழுப்புக் காகிதப் பைகள் கிடைக்கும். அதில் போட்டு, தோட்டக் கழிவு எடுக்கும் நாளில் வெளியே வையுங்கள்.

5. ஆப்பிள் பறிக்க

நாமே பறிக்கும் தோட்டங்கள் மில்டன், ஜார்ஜ்டவுன் பக்கமும் கிழக்கே டர்ஹம் பக்கமும் நிறைய. பேருந்து போகாது. இரண்டு விதமான கட்டணம் உண்டு, இதில்தான் பலரும் ஏமாந்ததாக நினைத்துக் கோபப்படுவார்கள்: உள்ளே போக ஆளுக்கு ஒரு தொகை, பறித்ததை எடுத்துவரப் பைக்கு ஒரு தொகை. நாங்கள் நாலு பேர் போய் நுழைவுக்கு 52 டாலர், ஒரு பைக்கு 30 டாலர் கொடுத்தோம். அதே ஆப்பிள் கடையில் பாதி விலைகூட இல்லை. ஆப்பிளுக்காகப் போகாதீர்கள், டிராக்டர் வண்டியில் வைக்கோல் மேல் உட்கார்ந்து போக, பிள்ளைகள் புல்லில் புரள என்றால் போங்கள். வாரநாளில் சில தோட்டங்களில் நுழைவு குறைவு. நிறைய இடங்களில் நேர ஒதுக்கீட்டுடன் இணையச் சீட்டு எடுக்க வேண்டும். இழுத்துப் பறிக்காமல் மேல்நோக்கித் திருகினால் காம்போடு வரும்.

மெக்கின்டாஷ் வகை செப்டம்பர் நடுவில் வரும், மென்மையானது, சீக்கிரம் குழையும். ஹனிகிரிஸ்ப் கொஞ்சம் பின்னால், கடித்துத் தின்ன அதுதான். நார்தர்ன் ஸ்பை அக்டோபர் பாதியைத் தாண்டி வரும். நல்ல புளிப்பு. இதைத்தான் சொல்ல வந்தேன்: மாங்காய் இல்லாத ஊரில் ஊறுகாய்க்கு நார்தர்ன் ஸ்பை. கடையில் பச்சையாகக் கிடைக்கும் கிரானி ஸ்மித்தும் சரி. தோலோடு பொடியாக நறுக்கி உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் பிசறி, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயப் பொடி, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் அன்றே தயிர்சாதத்துக்குத் தயார். குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும்.

தோட்டத்தில் சுடச்சுட விற்கும் ஆப்பிள் சைடர் வெறும் பழச்சாறு, பிள்ளைகள் குடிக்கலாம். மதுக்கடையில் சைடர் என்று டப்பாவில் வருவது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது. இரண்டுக்கும் ஒரே பெயர்.

6. பின்னல்

குரோஷே என்ற கொக்கி ஊசியா, இரண்டு ஊசிப் பின்னலா என்றால் தொடங்குபவருக்கு குரோஷே. ஒரே ஊசி, அவிழ்ந்தால் ஒரு கண்ணிதான் அவிழும். நூல் உறையில் கனத்தை எண்ணால் போட்டிருப்பார்கள். 4 என்று இருப்பதையும் 5 அல்லது 5.5 மில்லிமீட்டர் ஊசியையும் வாங்குங்கள். கறுப்பு வேண்டாம், கண்ணி தெரியாது. பஞ்சு போல முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் வேண்டாம். ஒரு கழுத்துத் துண்டுக்கு 100 கிராம் உருண்டை இரண்டு மூன்று வேண்டும். அக்ரிலிக் என்றால் உருண்டை 6 முதல் 9 டாலர், துவைக்கும் இயந்திரத்தில் போடலாம்.

ஒரே நேரத்தில் எல்லா உருண்டையையும் வாங்குங்கள். உறையில் சாயத் தொகுதி எண் என்று ஒன்று இருக்கும். அந்த எண் மாறினால் அதே நிறம் என்று எழுதியிருந்தாலும் சாயம் சற்று மாறும். என் கணவர் கழுத்தில் இருக்கும் துண்டு பாதி கத்தரிக்காய், பாதி நாவல்பழம். தினம் ஒரு மணி நேரம் என்றால் முதல் துண்டுக்கு மூன்று வாரம் ஆகும். செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் குளிர் கடிக்கும்போது கழுத்தில் இருக்கும்.

7. பரங்கிக்காய்

இதற்கு இரண்டு காய் வாங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடை வாசலில் மலை போலக் குவித்திருக்கும் பெரிய காய் ஹாலோவீனுக்கு முகம் செதுக்குவதற்கு மட்டும். சமைத்தால் நார் நாராக, தண்ணீராக இருக்கும். முதல் வருடம் செதுக்கியதில் மிஞ்சிய சதையைச் சாம்பாரில் போட்டேன். கரண்டியில் நூல் நூலாகத் தொங்கியது. கூட்டுக்கும் சாம்பாருக்கும் பை பம்ப்கின் என்ற சின்ன உருண்டைக் காயையோ பட்டர்நட் ஸ்குவாஷையோ வாங்குங்கள். செதுக்கும் காய் மளிகைக் கடையில் 5 முதல் 8 டாலர். பண்ணையில் எடைக்கு விற்பார்கள், பிள்ளை கைகாட்டும் காய் எப்போதும் இருபது டாலர்தான்.

வாங்கும்போது தட்டையாக உட்காருகிறதா, காம்பு பச்சையாகக் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், முறியும். முறிந்த இடத்தில்தான் அழுகத் தொடங்கும். அக்டோபர் நடுவில் வாங்கி முழுதாக வாசலில் வைக்கலாம். ஆனால் 28, 29 தேதிக்கு முன் செதுக்க வேண்டாம். நாங்கள் ஆர்வத்தில் 19 ஆம் தேதியே செதுக்கி, 25 ஆம் தேதி பூஞ்சை பிடித்துப் பல் விழுந்த கிழவி முகமாகிவிட்டது. (அப்புறம் பார்த்தால் அதுதான் பயமாக இருந்தது.)

செதுக்கும் முறை: டாலர் கடையில் பரங்கிக்காய்ச் செதுக்கும் பெட்டி ஓரிரு டாலருக்குக் கிடைக்கும். பல் வைத்த சின்னக் கத்தி, பிளாஸ்டிக் கரண்டி. அதையே பயன்படுத்துங்கள், சமையல் கத்தி வழுக்கினால் கை போய்விடும். மூடியை நேராக வெட்டாமல் உள்நோக்கிச் சாய்த்து வெட்டினால் திரும்ப வைக்கும்போது உள்ளே விழாது. விதையையும் நாரையும் எடுத்த பிறகு, முகம் வரப்போகும் பக்கத்தின் உட்சுவரை ஒரு அங்குல கனத்துக்குச் சுரண்டுங்கள். படத்தைத் தாளில் வரைந்து காயில் ஒட்டி, ஊசியால் கோட்டின் மேல் குத்திக்கொண்டே போனால் தடம் விழும். பிறகு வெட்டுவது எளிது.

ஊரெல்லாம் பேய் முகம் என்றால் நாம் கோலம் போடுவோமே என்று இரண்டாம் வருடம் ஒரு சிக்குக்கோலம் வரைந்து வெட்டினேன். வளையம் முழுதாகச் சுற்றி மூடியதும் நடுத்துண்டு பொத்தென்று உள்ளே விழுந்தது. வெட்டும் வேலையில் எந்தக் கோடும் தன்னையே சந்திக்கக் கூடாது. பிறகு கணவரின் துளைக்கருவியை எடுத்து, கோட்டை விட்டுவிட்டுப் புள்ளிகளை மட்டும் துளைத்தேன். ஏழு புள்ளி, ஒன்று வரை. உள்ளே விளக்கை வைத்ததும் தெருவே நின்று பார்த்தது. வெட்டத் தெரியாதவர்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது, பத்து நிமிட வேலை.

உள்ளே வைக்க மின்கலத்தில் எரியும் சின்ன விளக்கு போதும். அடுக்குமாடியில் நிஜத் தீ வைக்காதீர்கள். வீட்டு வாசலில் என்றாலும், நீள அங்கி போட்ட பிள்ளைகள் குனிந்து பார்க்கும் இடம் அது. அணில் வந்து கடிக்கும். மிளகாய்த்தூள் தடவிப் பார்த்தேன், எங்கள் தெரு அணிலுக்குக் காரம் பிடித்திருந்தது போல.

விதையைக் கொட்டாதீர்கள். கழுவி, துணியில் நன்றாக ஈரம் போக உலர்த்தி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் பெருங்காயம் பிசறி ஓவனில் 350 பாரன்ஹீட்டில் 15 முதல் 20 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு வறுங்கள். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது.

டப்பாவில் வாங்கினால் வெறும் பரங்கிக்காய் மசியல் என்று போட்டதை எடுங்கள். பை ஃபில்லிங் என்று இருந்தால் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதில் அல்வா கிண்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பம்ப்கின் ஸ்பைஸ் என்று சின்ன புட்டியை 6 டாலருக்கு விற்பார்களே, அதில் பரங்கிக்காயே இல்லை. பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, அவ்வளவுதான். உங்கள் அஞ்சறைப் பெட்டியிலும் பக்கத்து டப்பாவிலும் இருக்கிறது.

8. வேஷம்

புதிதாக வாங்கினால் ஒரு பிள்ளைக்கு 30 முதல் 50 டாலர். பழைய துணிக் கடைகளில் செப்டம்பரிலேயே தனிப் பகுதி போட்டுவிடுவார்கள், 10 டாலருக்குள் முடியும். எதை வாங்கினாலும் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே குளிருக்கான மேல்சட்டை போக வேண்டும். அன்று மழையாகவும் இருக்கும், சில வருடம் பனியும் விழும். வேஷத்துக்கு மேல் கோட்டு போட்டுப் போன பிள்ளையின் அழுகையை வீதி முழுக்கக் கேட்டிருக்கிறேன், என் பிள்ளைதான்.

பள்ளியில் என்ன விதி என்று கடிதம் வரும். பல பள்ளிகளில் முகமூடி, பொம்மைத் துப்பாக்கி, வாள், ரத்தக் கறை கூடாது. சில பள்ளிகளில் வேஷமே இல்லை, ஆரஞ்சு கறுப்பு உடை மட்டும். தின்பண்டமும் அனுப்ப முடியாது, வேர்க்கடலை ஒவ்வாமை காரணமாக. இன்னொன்று, பூர்வகுடி மக்களின் இறகுத் தலையணியையோ வேறொரு இனத்தாரின் தோல் நிறத்தையோ வேஷமாகப் போடுவது இங்கே கடுமையான அவமதிப்பு. கடையில் விற்கிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். முகச்சாயம் பூசுவதாக இருந்தால் முதல் நாளே மணிக்கட்டில் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.

9. மிட்டாய்

எத்தனை வாங்க வேண்டும் என்பதற்கு ஒரே வழி, போன வருடம் அந்தத் தெருவில் இருந்தவரைக் கேட்பது. அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். "நூறு பிள்ளையளாவது வருவினம்" என்றார். அப்படியே வந்தார்கள். 90, 100 என்று எண்ணிக்கை போட்ட பெரிய பெட்டி மொத்தக் கடையில் 22 டாலர் போல வரும். மிட்டாய்க்கு 13 சதவீத வரி உண்டு என்பதால் கையிலிருந்து 25 டாலர் போகும். அக்டோபர் தொடக்கத்தில் வாங்கினால் விலையும் வகையும் நன்றாக இருக்கும், ஆனால் 31 வரை பெட்டி மிஞ்சாது. அலமாரியின் உச்சியில் ஒளித்து வையுங்கள். அடுக்குமாடி என்றால் பெரும்பாலும் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். சில கட்டடங்களில் கீழ்த் தளத்தில், மிட்டாய் கொடுக்க விரும்புபவர்கள் பெயர் எழுதும் தாள் ஒட்டுவார்கள். எழுதினால் மட்டும் வாங்குங்கள்.

வேர்க்கடலை இல்லாதது என்று பெட்டியில் குறியிட்டதை எடுங்கள். கடைத் தயாரிப்பாக, தனித்தனியாக உறையிட்டதாக இருக்க வேண்டும். வீட்டில் செய்ததை எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் பெற்றோர் குப்பையில் போடத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யார் வீடு என்றே தெரியாதே. என் தேன்குழல் பொட்டலங்கள் எங்கே போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சைவக்காரர்களுக்கும் ஹலால் பார்ப்பவர்களுக்கும்: மார்ஷ்மெல்லோ, ரப்பர் போல இழுபடும் கரடி மிட்டாய்கள், கேண்டி கார்ன் இவற்றிலெல்லாம் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது, பல நேரம் பன்றி. பிள்ளை கொண்டுவரும் பையைக் கொட்டிப் பிரிக்கும்போது உறையைப் படியுங்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கு ஒன்று என்று மாற்று விலை வைத்திருக்கிறோம்: இரண்டு கரடி கொடுத்தால் ஒரு சாக்லேட்.

வாசலில் நீலப்பச்சை நிறப் பரங்கிக்காய் வைத்திருந்தால், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு மிட்டாய்க்குப் பதில் பென்சில், ஒட்டுப்படம் போன்றவை இங்கே உண்டு என்று அர்த்தம். நீங்களும் வைக்கலாம். ஒரு பாக்கெட் பென்சில் மூன்று டாலர்.

10. அன்று மாலை

சூரியன் ஆறு மணி தாண்டி மறையும். சின்னக் குழந்தைகள் ஐந்தரைக்கே வரத் தொடங்குவார்கள், எட்டு எட்டரைக்கு அடங்கிவிடும். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வேண்டாம். இவ்வளவுதான் சட்டம். நீங்கள் பிள்ளைகளோடு போனாலும் இதேதான், விளக்கில்லாத வீட்டின் படி ஏறாதீர்கள். நீங்கள் நடைபாதையில் நில்லுங்கள், பிள்ளை போய்க் கதவைத் தட்டி "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று சொல்லட்டும். கிண்ணத்தை நீட்டினால் ஒன்று எடுக்க வேண்டும், கை நிறைய அள்ளக் கூடாது. நன்றி சொல்லாமல் திரும்பினால் தெருவே நினைவில் வைத்திருக்கும்.

பைக்குத் தனியாகக் காசு செலவழிக்காதீர்கள், தலையணை உறை போதும். கையில் ஒரு டார்ச், முதுகில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை. தெருவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்காமல் ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் வாருங்கள். வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்க்கும் வரை ஒன்றையும் வாயில் போட விடாதீர்கள். பிரிந்த உறை எல்லாம் குப்பைக்கு.

வீட்டில் ஒருவர் இருந்து கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். நாங்கள் ஆறரை வரை ஒருவர், பிறகு மற்றவர் என்று மாறிக்கொள்கிறோம். மிட்டாய் தீர்ந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, விளக்கை அணைத்துவிடுங்கள், யாரும் தட்ட மாட்டார்கள். ஆனால் உள்ளே இருட்டில் உட்கார வேண்டியதில்லை, வாசல் விளக்கை மட்டும் அணைத்தால் போதும். அது எங்களுக்கு அன்று தெரியாது.

11. நவம்பர் 1

காலையிலேயே கடைக்குப் போங்கள். மிட்டாய், வேஷம், அலங்காரம் எல்லாம் பாதி விலை. அடுத்த வருட வேஷத்தை அன்றே வாங்குகிறேன், இரண்டு அளவு பெரிதாக.

செதுக்கிய காயிலிருந்து விளக்கை எடுத்துவிட்டுத் தோட்டக் கழிவோடு வெளியே வையுங்கள். முந்தின இரவே வைத்தால் ரக்கூன்கள் வந்துவிடும். தூக்கிப்போட மனசு வராதவர்கள் நகரின் மேற்குப் பக்கம் இருக்கும் சொராரன் பூங்காவுக்குக் கொண்டுபோகலாம். நவம்பர் 1 மாலை அங்கே ஊர்க்காரர்கள் தங்கள் காய்களை வரிசையாக அடுக்கி விளக்கேற்றுவார்கள், மறுநாள் நகராட்சி மொத்தமாக உரத்துக்கு எடுத்துப் போகும். டிக்கெட் இல்லை, முன்பதிவு இல்லை. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் போனால் வைக்க நல்ல இடம் கிடைக்கும். நாங்கள் எங்கள் புள்ளிக்கோலக் காயைக் கொண்டுபோய் வைத்தபோது, ஒரு பாட்டி குனிந்து புள்ளிகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.